கல்லூரி விளையாட்டு வீரரும் ஒப்பந்தச் சட்டமும்

1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலறாடோ மாநிலத்துப் போட் லூயிஸ் கல்லூரியின் உதைபந்தாட்ட வீரரொருவர், ஆட்டத்தின்போது தலையிற் காயமுற்று இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டத்தின்கீழ் ஈடு கோரினார். 1957இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையைத் தள்ளிற்று. கல்லூரி பந்தாட்டத்தை வாணிகமாக நடத்தவில்லை. ஆதலின் ஆடியவர் அதன் ஊழியரல்லர் என்பதே தீர்ப்பின் சாரம். நான்காண்டுகளின் முன்னர், டென்வர் பல்கலைக்கழக மாணவரொருவரின் வழக்கில் அதே நீதிமன்றம் இதற்கு மாறாகத் தீர்த்திருந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

கல்லூரி விளையாட்டுக்களை நெறிப்படுத்துவதற்கென 1906இல் தோன்றிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் இவ்வழக்குகளைக் கண்டு அஞ்சியது. 'மாணவ வீரர்' என்னும் சொற்றொடர் அவ்வச்சத்திற் பிறந்ததேயாகும். 1951 முதல் 1987 வரை அச்சங்கத்தை நடத்திய வால்ற்றர் பையேர்ஸ், ஓய்வு பெற்றபின் எழுதிய நூலில் இதனை மறையாது ஒப்புக்கொண்டுள்ளார். மாணவர் என்ற பெயரின் பின்னே இரு விதிகள் நின்றன. கல்விச் செலவுக்கான புலமைப்பரிசிலுக்கு மேல் வீரர் ஊதியம் பெறலாகாது என்பது ஒன்று. உதைபந்தாட்டம், கூடைப்பந்தாட்டம் முதலியவற்றில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுபவர் ஓராண்டு ஆடாதிருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. பயிற்றுநருக்கோ இத்தகைய தடை எதுவுமில்லை. பருவத்தின் நடுவே வேறிடஞ் சென்று பன்மடங்கு ஊதியம் பெற்றோர் பலர்.

இவ்விதிகளின் அடித்தளம் மெல்ல மெல்லவே சரிந்தது. தொலைக்காட்சி உரிமையைச் சங்கமே கட்டுப்படுத்தியது போட்டிக் காப்புச் சட்டத்துக்கு முரணென 1984இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மாறுபட்ட தீர்ப்பெழுதியவர் நீதியரசர் பைறன் உவைற். அவர் தம் இளமையிற் புகழ்பெற்ற கல்லூரி உதைபந்தாட்ட வீரர். ஆட்டத்தின் ஒளிபரப்பு விலைபோகலாம், ஆடுவோன் மட்டும் விலைபெறலாகாது என்ற நிலை அதன்பின் நெடுநாள் நீடித்தது. 2021 யூன் மாதம் அதே நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசரும் ஒருமித்து, கல்வி தொடர்பான உதவிகளைச் சங்கம் வரையறுத்தது செல்லாது எனத் தீர்த்தனர். அடுத்த மாதமே, தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்கு விற்று வீரர் பொருளீட்டச் சங்கம் இடங்கொடுத்தது. மாறிச் செல்வதற்கான தடையும் அவ்வாண்டிலேயே தளர்ந்து, ஒருமுறை தடையின்றி மாறலாம் என்றாயிற்று. 2023 டிசம்பரில் மேற்கு வேர்ஜீனியாவிலுள்ள சமஷ்டி நீதிமன்றமொன்று எஞ்சிய தடையையும் நிறுத்திவைக்க, 2024இல் அஃது அறவே நீங்கிற்று. ஈற்றில், 2025 யூன் 6ஆந் திகதி கலிபோர்ணியாவில் நீதிபதி குளோடியா வில்கன் ஓர் இணக்கத் தீர்ப்பை அங்கீகரித்தார். முன்னைய வீரர்க்கு ஏறக்குறைய 280 கோடி டொலர் பத்தாண்டுகளில் வழங்கப்படும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அவ்வாண்டு யூலை முதல் 2 கோடியே 5 இலட்சம் டொலர் வரை தன் வீரர்க்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம்.

பணம் வந்தது, மாறும் உரிமையும் வந்தது. இவ்விரண்டும் ஒருங்கே வந்தமையாற் பல்கலைக்கழகங்கள் புதியதோர் இக்கட்டில் வீழ்ந்தன. இன்று பெருந்தொகை பெற்றவன் அடுத்த பருவத்தில் எதிரணியில் ஆடுவானாயின் என்செய்வது? சங்கத்தின் விதி காவாதவிடத்து, ஒப்பந்தத்தால் வீரரைப் பிணிக்க அவை முற்பட்டன.

ஒப்பந்தச் சட்டத்தில் இதற்குப் பழையதொரு முன்மாதிரி உண்டு. 1852இல் இலண்டன் நாடக அரங்கொன்றின் முகாமையாளரான லம்லி என்பார், யொகானா வாக்னர் என்னும் பாடகியை மூன்று மாதத்துக்கு ஒப்பந்தஞ் செய்திருந்தார். மற்றோர் அரங்கினரான கை என்பார் கூடிய பணங் கொடுத்து அவரை அழைத்தார். ஒருவரைப் பாடுமாறு நீதிமன்றம் வற்புறுத்த இயலாது. ஆயின் வேறிடத்திற் பாடாதவாறு தடுக்கலாம் எனத் தீர்ப்பாயிற்று. மறுவருடம் லம்லி, கை மீதே வழக்குத் தொடர்ந்தார். ஒப்பந்தத்தை மீறுமாறு பிறரைத் தூண்டுவோன் அத்தூண்டுதலுக்குப் பொறுப்பாவான் என்ற கோட்பாடு அவ்வழக்கால் நிலைபெற்றது.

2025 யூனில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் மியாமிப் பல்கலைக்கழகத்தின்மேற் தொடுத்த வழக்கு ஏறத்தாழ இதுவே. அரங்குக்குப் பதிலாக மைதானம். பாடகிக்குப் பதிலாக உதைபந்தாட்ட வீரர். அவர் 2024 டிசம்பரில் விஸ்கொன்சினுடன் ஈராண்டு வருவாய்ப் பகிர்வு ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டார். சின்னாட்களில் மாற விரும்பினார். மாறுவோர் பட்டியலிற் பெயர் பதியப் பல்கலைக்கழகம் மறுத்தது. அவரோ பட்டியலைப் பொருட்படுத்தாது சாதாரண மாணவர்போல் மியாமியிற் சேர்ந்தார். மியாமியின் தூண்டுதலே இதற்குக் காரணமென்பது விஸ்கொன்சினின் முறைப்பாடு. ஆயின் அவ்வொப்பந்தம் பின்னர் வரவிருந்த இணக்கத் தீர்ப்பை எதிர்பார்த்து எழுதப்பட்டது. ஒப்பமிட்ட நாளில் பல்கலைக்கழகம் நேரே பணங் கொடுக்க விதி இடந்தரவில்லை. இன்னும் உயிர்பெறாத கடப்பாட்டை மீறுமாறு ஒருவரைத் தூண்டுதல் கூடுமோ என்பது எளிய வினாவன்று.

யோர்ச்சியாப் பல்கலைக்கழகம் வேறு வழியை நாடிற்று. மிசூரிக்குச் சென்ற தன் முன்னாள் வீரரிடம், ஒப்பந்தத்தில் முற்குறித்த நட்ட ஈடாக 390,000 டொலரை அதன் விளையாட்டுக் கழகம் கோரியது. வீரரும் எதிர்வழக்குத் தொடுத்தார். ஈண்டு சட்டத்தின் பழைய வேற்றுமையொன்று முன்னிற்கின்றது. நட்டத்தை நேர்மையாக மதிப்பிட்டு முன்னரே குறித்த தொகை செல்லும். அச்சுறுத்துவதற்காகக் குறித்த தண்டத்தொகை செல்லாது. அங்ஙனமாயின் பல்கலைக்கழகத்துக்கு நேர்ந்த நட்டம் யாது? இத்தகைய ஒப்பந்தங்கள் ஆடுவதற்கான கூலியைப் பற்றிப் பேசுவதில்லை. வீரரின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தும் உரிமையை வாங்குவதாகவே அவை எழுதப்படுகின்றன. ஒப்பமிடுபவர் ஊழியரல்லர் என வெளிப்படையாகக் கூறுவனவும் பல. படத்துக்கு மட்டுமே விலை கொடுத்தவர், எதிராளியைத் தடுத்து வீழ்த்தும் தோள் போய்விட்டதென்று நட்டங் கேட்பது எவ்வாறு பொருந்தும்? தோளுக்கே விலை கொடுத்ததாக ஒப்புக்கொள்ளின், 1957இற் பெற்ற வெற்றியைத் தாமே கைவிட்டவராவர். பல்கலைக்கழகங்களின் சட்டத்தரணிகள் இவ்விரண்டுக்குமிடையே நடக்கும் நடை மிக ஒடுங்கியது.

தொழில்முறை அணிகளுக்கு இவ்விடர் இல்லை. அவற்றின் வீரர் ஊழியராவர். அவர்க்குத் தொழிற்சங்கம் உண்டு. தொழிற்சங்கத்தோடு பேசி உடன்பட்ட ஊதிய எல்லையும் மாற்றத் தடையும் போட்டிக் காப்புச் சட்டத்திலிருந்து விலக்குப் பெறும். கல்லூரிகளுக்கு அவ்விலக்கு வேண்டும். அதனைத் தரும் ஊழியர் நிலையை மட்டும் அவை வேண்டா. பதினெட்டு வயதினன், பெரும்பாலும் தன் பக்கம் பேசுதற்கு ஒரு சங்கமுமின்றி, பக்கம் பக்கமாக நீளும் ஒப்பந்தத்தில் ஒப்பமிடுகின்றான். பிரிவுக்கான தண்டம் எத்தனையாம் பக்கத்தில் உளதென்பதைப் புறப்படும் நாளில் அறிகின்றவனும் உளன்.

டாட்மத் கல்லூரியின் கூடைப்பந்தாட்ட வீரர் 2024 மார்ச்சில் 13க்கு 2 என்ற வாக்குகளால் தொழிற்சங்கம் அமைக்க முடிவு செய்தனர். கல்லூரி அவர்களுடன் பேச மறுத்தது. அவ்வாண்டின் இறுதி நாளில், தொழிலுறவுச் சபைமுன் இருந்த தம் மனுவை அவர்கள் மீளப் பெற்றுக்கொண்டனர்.