ஆள் சேரச் சேர செலவும் ஏறும்... இணைய வானொலி நடத்துவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஒரு லேப்டாப், ஒரு மைக், நல்ல நெட் கனெக்‌ஷன். இவை இருந்தால் வீட்டில் இருந்தபடியே உலகம் முழுக்க கேட்கும் வானொலியைத் தொடங்கிவிடலாம். டவர் வேண்டாம், அலைவரிசை ஏலமும் வேண்டாம். ஆனாலும் ஆசையாகத் தொடங்கிய பல இணைய வானொலிகள் சத்தமே இல்லாமல் நின்றுபோகின்றன. அப்படி என்னதான் சிக்கல்? விரிவாகப் பார்க்கலாம்.

எஃப்எம்-க்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

எஃப்எம் நிலையத்தை 100 பேர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் டிரான்ஸ்மிட்டர் செலவு ஒன்றுதான். இணையத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு நேயருக்கும் தனித்தனியாக டேட்டா அனுப்ப வேண்டும். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் சுமார் 58 எம்பி. ஒரே நேரத்தில் 1,000 பேர் கேட்டால் மணிக்கு 58 ஜிபி. கூட்டம் கூடினால் சர்வர் பில்லும் கூடும்.

பெரிய அடி ராயல்டி

சர்வர் செலவைக்கூட சமாளித்துவிடலாம். பாட்டுக்கான ராயல்டிதான் பெரிய சுமை. அமெரிக்காவில் சாதாரண வானொலிகள் பாடலை எழுதி இசையமைத்தவர்கள் தரப்புக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். இணைய வானொலி, பாடியவர்களுக்கும் ஆடியோ நிறுவனத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

2016ல் விளம்பரத்தில் இயங்கும் இணைய வானொலிக்கு இந்தக் கட்டணம் ஒரு பாடலுக்கு, ஒரு நேயருக்கு 0.0017 டாலர். ‘அட, இவ்ளோதானா’ என்று தோன்றலாம். மணிக்கு 15 பாடல், 1,000 நேயர்கள் என்று கணக்குப் போட்டால் 25.50 டாலர். 24 மணி நேரத்துக்கு 612 டாலர். விளம்பரம் வந்தாலும் வராவிட்டாலும் இதைக் கட்டியே ஆக வேண்டும்.

லைவ்365-க்கு என்ன ஆச்சு?

1999ல் தொடங்கிய லைவ்365, ஆயிரக்கணக்கான சிறிய நிலையங்களுக்கு மேடையாக இருந்தது. சிறிய நிலையங்கள் வருமானத்தில் ஒரு பங்கை ராயல்டியாகக் கட்டும் சலுகை 2015 இறுதியில் முடிந்தது. முதலீட்டாளர்களும் விலக, 2016 ஜனவரி 31ல் லைவ்365 மூடப்பட்டது. புதிய உரிமையாளரிடம் 2017ல்தான் மீண்டும் வந்தது.

இந்தியாவில் நிலைமை என்ன?

2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின் 31டி பிரிவுப்படி, வானொலி, டிவி நிறுவனங்கள் நிர்ணயித்த கட்டணத்தைச் செலுத்தி பாடல்களை ஒலிபரப்பலாம். உரிமையாளரிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் இணைய ஸ்ட்ரீமிங்குக்கு இது பொருந்தாது என டிப்ஸ் - விங்க் வழக்கில் 2019ல் மும்பை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022ல் டிவிஷன் பெஞ்ச்சும் அதை உறுதி செய்தது. ஆக, ஒவ்வொரு ஆடியோ நிறுவனத்திடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். பழைய பாட்டு மட்டும் போடும் சேனல் என்றாலும், படத்துக்குப் படம் உரிமை வேறு வேறு கைகளில் இருக்கும்.

விளம்பரம் கிடைக்காதா?

மதுரை ஜவுளிக்கடைக்கு மதுரை எஃப்எம் போதும். இணைய வானொலியின் நேயர்கள் டொராண்டோ, சிங்கப்பூர், சென்னை என்று சிதறிக் கிடப்பார்கள். உள்ளூர் கடைக்காரர் எதை நம்பி காசு கொடுப்பார்?

அப்போ வழியே இல்லையா?

இருக்கிறது. 2000 முதல் இயங்கும் சான் ஃபிரான்சிஸ்கோவின் சோமா எஃப்எம், விளம்பரமே இல்லாமல் நேயர்களின் நன்கொடையில் ஓடுகிறது. பாட்டைக் குறைத்து பேச்சு நிகழ்ச்சிகளைக் கூட்டுவது, சுயாதீனக் கலைஞர்களிடம் நேரடியாக அனுமதி பெறுவது ஆகியவையும் செலவைக் குறைக்கும். தொடங்க நினைப்பவர்கள் மைக் வாங்கும் முன் பாட்டு உரிமைக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.