கை மரத்தால் மறைக்க வேண்டாம்



கடலூர், சிதம்பரம் பகுதிகளில் முந்திரிக்கொட்டை உடைத்தும் மீன் ஆய்ந்தும் பிழைக்கும் சகோதரிகள் சிலர், இரவில் கை மரத்தால் தொழுநோயோ என்று அஞ்சி மறைத்துவிடுகிறார்கள். அது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதாகவும் இருக்கலாம். அப்படியானால் கட்டைவிரல் முதல் மோதிரவிரல் வரை மரக்கும், சுண்டுவிரல் தப்பும், உதறினால் சற்றுக் குறையும்.

ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். ஓயாத கைவேலை, கர்ப்பம், மாதவிடாய் நிற்கும் பருவம், நீரிழிவு, தைராய்டு குறைவு, உடல் பருமன் ஆகியவை ஆபத்தைக் கூட்டும்.

ஆரம்பத்திலேயே வந்தால் இரவில் மணிக்கட்டுக்குப் பட்டை கட்டியே பலருக்குக் குறைக்கலாம். தாமதித்தால் கட்டைவிரல் சதை வற்றும். அறுவை சிகிச்சை தேவைப்படும். உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோய்ப் பரிசோதனையும் அவசியம். அதுவும் குணமாகும் நோயே.

உங்கள் சபைச் சகோதரிகளுக்கு இதைச் சொல்லுங்கள்.