சிறிய இலக்கணம், நிறைய வாசிப்பு

ஆங்கிலம் கற்பது என்றாலே பேசக் கற்பதுதான் என்று நம் ஊர்களில் ஆகிவிட்டது. தெருவுக்குத் தெரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. பேருந்து நிலையக் கடையில் முப்பதே நாளில் ஆங்கிலம் பேச வைக்கும் புத்தகம். தினம் பத்து வாக்கியத்தை மனப்பாடம் செய்யச் சொல்லும் கைப்பேசிக் காணொளி. பள்ளியிலோ முதல் வகுப்பு தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலப் பாடம் உண்டு. ஆனால் அங்கே இலக்கணம் என்பது ஆக்டிவ் வாய்ஸைப் பாசிவ் வாய்ஸாக மாற்றி மதிப்பெண் வாங்கும் கணக்காகச் சுருங்கிவிடுகிறது. இரண்டையும் கடந்து வந்த பிள்ளையிடம் மருந்து அட்டையில் உள்ள எச்சரிக்கையையோ வேலை ஒப்பந்தத்தின் ஒரு பத்தியையோ கொடுத்தால், பெரும்பாலும் தடுமாறுகிறது. சொல்லுக்குச் சொல் பொருள் தெரிந்திருக்கும், வாக்கியம் பிடிபடாது. இந்தக் குறைக்கு மருந்து இன்னும் அதிகமான பேச்சுப் பயிற்சி அல்ல என்பதே என் வாதம். தமிழ் வழியாக விளக்கப்பட்ட ஒரு சிறிய இலக்கணமும், எளிய நூல்களை ஏராளமாக வாசிக்கும் பழக்கமும்தான் அடிப்படை ஆங்கிலத்துக்கு நேர்வழி. பேச்சு அதன்மேல் வரட்டும்.

இதற்கு ஆங்கிலத்தோடு தொடர்பில்லாத ஒரு பழைய சான்று கொற்கைக் கரையில் இருக்கிறது. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை, தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கடலை விட்டு விலகி உள்நாட்டு ஊரானது. துறைமுக வாழ்வு காயலுக்கும் புன்னைக்காயலுக்கும் பிறகு தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. அந்த முத்துக்குளித்துறைக்கு 1542இல் கிறித்தவ மறைபரப்பாளர் பிரான்சிஸ் சேவியர் வந்தார். தமிழ் அறிந்தவர்களைக் கொண்டு செபங்களை மொழிபெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்து, மணியடித்து மக்களைக் கூட்டி ஒப்பித்தார். அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல எவராலும் முடியாது. ஆனால் மனப்பாடம் செய்த வரிகளுக்கு அப்பால் ஓர் உரையாடல் வந்தால் மொழிபெயர்ப்பாளரின் துணை வேண்டியிருந்தது. 1547இல் அதே கரைக்கு வந்த போர்த்துக்கீசியரான ஹென்றீக் ஹென்றீக்கஸ் அடிகளார் வேறு வழியில் போனார். லத்தீன் படிக்கும்போது வினைச்சொற்களைக் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப வரிசைப்படுத்திக் கற்பதுபோலவே தமிழ் வினைகளையும் வேற்றுமைகளையும் வரிசைப்படுத்திக்கொண்டு கற்றார். 1548இல் வேம்பாற்றிலிருந்து இயேசு சபையின் நிறுவனர் இக்னேஷியஸ் லொயோலாவுக்கு எழுதிய கடிதத்தில் இந்த முறையை அவரே விவரிக்கிறார். யோவான் டி பாரோஸ் 1540இல் வெளியிட்ட போர்த்துக்கீசிய இலக்கணத்தின் ஒழுங்கைத் தழுவி அவர் எழுதிய தமிழ் இலக்கணம்தான், ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதி நமக்குக் கிடைத்துள்ள இலக்கணங்களில் மிகப் பழையது. அதன் கையெழுத்துப் படி லிஸ்பன் நூலகத்தில் இருப்பதை 1950களில் வெளிக்கொணர்ந்தவர் தனிநாயகம் அடிகள். ஹென்றீக்கஸ் இலக்கணத்தோடு நிற்கவுமில்லை. 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’, 1586இல் ‘அடியார் வரலாறு’ எனத் தமிழிலேயே நூல்கள் அச்சேறக் காரணமானார்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த வேற்றுமொழியை அவர் தம் மொழியின் வழியாக அணுகினார் என்பது. தமக்குத் தெரிந்த இலக்கணத்தை அளவுகோலாக வைத்து, புதிய மொழி எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று பார்த்தார். 1554இல் லிஸ்பனில் அச்சான சிறு கிறித்தவ வினாவிடை நூலும் இதே வழியைத்தான் கடைப்பிடித்தது. ரோமன் எழுத்தில் தமிழ். ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே போர்த்துக்கீசியச் சொல். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தை அணுக வேண்டிய முறையும் இதுதான். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள விலகல்கள் எண்ணற்றவை அல்ல. அடிப்படை வாசிப்புக்குத் தேவையானவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றைத் தமிழில் தெளிவாகச் சொல்லிக்கொடுப்பதைத்தான் சிறிய இலக்கணம் என்கிறேன்.

தமிழில் ‘கண்ணன் புலியைப் பார்த்தான்’ என்றாலும் ‘புலியைப் பார்த்தான் கண்ணன்’ என்றாலும் பார்த்தவன் கண்ணன்தான். ‘ஐ’ உருபு புலியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு அப்படி உருபு கிடையாது. ‘கண்ணன் சா எ டைகர்’ என்பதில் இரண்டு பெயரையும் இடம் மாற்றினால் பார்த்தது புலியாகிவிடும். அங்கே இடமே உருபு. ‘அப்பா மீனவர்’ என்று வினையில்லாமல் நாம் வாக்கியத்தை முடிக்கிறோம். ஆங்கிலம் ‘இஸ்’ இல்லாமல் முடிக்காது. ‘துறைமுகத்தில்’ என்று நாம் பின்னால் ஒட்டுவதை அவர்கள் ‘இன் தி ஹார்பர்’ என்று முன்னால் வைக்கிறார்கள். இவையெல்லாம் தொடக்க வகுப்பிலேயே ஓரளவு பிடிபடும். உண்மையான இடர் நீண்ட வாக்கியத்தில் இருக்கிறது. ‘கொழும்பிலிருந்து நேற்று வந்த கப்பலில் இருந்த சரக்கு’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ‘தி கார்கோ ஆன் தி ஷிப் தட் கேம் ஃப்ரம் கொலம்போ எஸ்டர்டே’. கடைசியில் வந்த சரக்கு அங்கே முதலில் நிற்கிறது. அடுத்து கப்பல், அடுத்து வருகை, முடிவில்தான் கொழும்பும் நேற்றும். ஏறக்குறைய கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல வரிசை அப்படியே திரும்பியிருக்கிறது. நமக்கு எச்சமும் அடைமொழியும் முன்னால் வந்து, அவை எதைப் பற்றியவை என்பது பின்னால் தெரியவரும். ஆங்கிலம் முதலில் பொருளைச் சொல்லிவிட்டு விளக்கத்தைப் பின்னால் அடுக்கும். தமிழ்ப் பிள்ளை ‘தட்’, ‘விச்’, ‘ஹூ’ வரும் இடத்தில் தடுக்கி விழுவதற்குக் காரணம் இதுதான். இதை யாராவது ஒருமுறை தமிழில் எடுத்துச்சொல்லி, பத்துப் பதினைந்து வாக்கியங்களை இரு மொழியிலும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பாடப்புத்தகத்தின் பாதி இருள் விலகும். இந்த எளிய விளக்கம் நம் வகுப்பறைகளில் அரிதாக இருப்பது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

வாக்கியத்துக்கு முன்னே எழுத்து இருக்கிறது. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. ‘ம’, ‘ர’, ‘ம்’ என்று சொன்னாலே மரம் வந்துவிடும். ‘சி, ஏ, டி’ என்று எத்தனை முறை ஓதினாலும் ‘கேட்’ என்ற பூனை வராது. எழுத்தின் பெயர் வேறு, அது தரும் ஒலி வேறு என்பதை முதல் நாளே சொல்லியாக வேண்டும். இருபத்தாறு எழுத்தைக் கொண்டு நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிகளை எழுதும் மொழி அது. ஒரே ஒலிக்குழுவைச் சேர்ந்த சொற்களைச் சேர்த்துச் சேர்த்துக் கற்பித்தால்தான் வாசிப்பு ஓடத் தொடங்கும். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கியதன் விளைவே வாசிப்பு என்று கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் எடுத்துரைத்தார்கள். பெருக்கலில் ஒன்று சுழியானால் விடையும் சுழிதான். புரியாமல் கடகடவென்று சத்தமாக வாசிக்கும் பிள்ளையும், கேட்டால் புரிந்துகொண்டு வாசிக்கத் திணறும் பிள்ளையும் வாசிப்பில் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

இலக்கணம் சிறிதாக இருக்கட்டும், வாசிப்பு பெரிதாக இருக்கட்டும் என்பதற்கு நல்ல ஆதாரங்கள் உண்டு. டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்கப் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியை ஆராய்ந்து 1926இல் ஒரு நூல் எழுதினார். பாதியில் படிப்பை நிறுத்தும் பிள்ளையின் கையில் என்ன மிஞ்சும் என்பது அவர் எழுப்பிய கேள்வி. பாதி கற்ற பேச்சு பயன்படாமல் மறைந்துவிடும். எளிய நூலை வாசிக்கும் திறன் மிஞ்சினால் அதைக் கொண்டு மேலும் கற்கலாம். ஆகவே வாசிப்பே முதலில் என்றார். அடிக்கடி வரும் ஏறத்தாழ 2000 சொற்களைக் கொண்ட பட்டியலை அவர் 1953இல் வெளியிட்டார். சாதாரண ஆங்கில எழுத்தின் பெரும்பகுதி அந்தச் சொற்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பிறகு 1980களின் தொடக்கத்தில் பிஜித் தீவின் கிராமப் பள்ளிகளில் எல்லி, மங்குபாய் இருவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாத பிள்ளைகளின் வகுப்புகளுக்குப் படங்களோடு கூடிய 250 கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். வழக்கமான பாடமுறையில் படித்த பிள்ளைகளைவிட இவர்களுடைய வாசிப்புத் திறன் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. இரண்டாம் ஆண்டில் எழுத்திலும் இலக்கணத்திலும்கூட முன்னேறியிருந்தார்கள். கிராமம், வேறு தாய்மொழி, சாதாரணப் பள்ளி என்று பார்த்தால் பிஜிக்கும் நம் கரைக்கும் தூரம் அதிகமில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் வலுவானது நம் மண்ணிலிருந்தே வருவது. என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர்த் திட்டத்தில் இலக்கணப் பாடமே இல்லை. கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, அவற்றில் உள்ள சிக்கலைத் தீர்க்கச் சொன்னார்கள். பொருளில் மனம் ஊன்றியிருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே அமையும் என்பது பிரபுவின் கொள்கை. பின்னால் நடந்த மதிப்பீடும் அவருக்கு ஓரளவு சாதகமாகவே அமைந்தது. பொருளோடு மல்லுக்கட்டாமல் மொழி வராது என்ற அவருடைய அடிப்படையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஏராளமாக வாசிப்பதும் அதைத்தான் செய்கிறது. ஆனால் அத்தகைய வகுப்பை ஒவ்வொரு நாளும் நடத்தத் தேர்ந்த ஆசிரியர் வேண்டும். நாளுக்கு ஒரு பாடவேளை மட்டும் ஆங்கிலத்தைச் சந்திக்கும் பிள்ளைக்கு, தமிழில் சொல்லும் ஐந்து நிமிட விளக்கம் பல மாதக் குழப்பத்தை மிச்சப்படுத்தும். குழந்தை தாய்மொழியை இலக்கணம் படித்தா கற்கிறது என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். குழந்தைக்கு விழித்திருக்கும் நேரமெல்லாம் பாடம். வீடு முழுக்க ஆசிரியர்கள்.

வேலை கிடைக்கப் பேச்சுதானே வேண்டும் என்பது அடுத்த கேள்வி. தூத்துக்குடி போன்ற துறைமுக ஊரில் இது நியாயமான கேள்விதான். கப்பல்களுக்கிடையே பேச பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்ற நிலையான சொற்றொடர்களை மாலுமிகள் மனப்பாடமே செய்கிறார்கள். அது உயிரையும் காக்கிறது. கடலில் நேரக்கூடிய நிலைமைகளை முன்கூட்டியே வகுத்து, ஒரு நிலைமைக்கு ஒரு தொடர் என்று குறுக்கியிருப்பதால்தான் அங்கே மனப்பாடம் பலிக்கிறது. அதே மாலுமி பாதுகாப்புக் கையேட்டையும் தன் பணி ஒப்பந்தத்தையும் வாசித்தாக வேண்டும். அவற்றில் மனப்பாடம் உதவாது. வாசிப்பின் பயன் வேலையோடு நிற்பதுமில்லை. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., ஜேம்ஸ் ஆலனின் ஆங்கில நூலை ஊன்றி வாசித்து ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். 1909இல் அது வெளிவந்தது. வாசிப்பால் வரும் ஆங்கிலம் தமிழுக்கும் வரவுதான்.

எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்திலேயே படித்தால் சிக்கல் தீரும் என்ற எண்ணத்தில் 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. பெற்றோரின் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மொழி புரியாத பிள்ளைக்கு அறிவியலும் சேர்ந்தே புரியாமல் போகும். வழி எதுவானாலும் வாசிப்பைத் தனியே கற்பித்துத்தான் ஆக வேண்டும்.

புத்தகத்துக்கு எங்கே போவது என்று இன்று கேட்க வேண்டியதில்லை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில், படிநிலை வாரியாகப் பிரித்த சிறுவர் கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் விலையின்றிக் கிடைக்கின்றன. பல கதைகள் இரு மொழியிலும் உள்ளன. அச்சிட்டுக்கொள்ளவும் உரிமை உண்டு. பள்ளிக்கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் தமிழ்ச் சிறுநூல்களைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தது. அதே நான்கு படிகளில் ஆங்கிலச் சிறுநூல்களும் வர வேண்டும். ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் அதில் வரும் வாக்கிய அமைப்பைத் தமிழில் விளக்கும் குறிப்பு வேண்டும். துறை அதைச் செய்யும்வரை ஏரலிலும் புன்னைக்காயலிலும் தூத்துக்குடியிலும் உள்ள ஆசிரியர்களும் படித்த இளைஞர்களும் காத்திருக்க வேண்டாம். இருபது கதைகளை அச்சிட்டு, நாளுக்கு அரைமணி நேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசியுங்கள். புரியாத இடத்தைத் தமிழில் சொல்லுங்கள்.