அவியல் பாடிய மொழி

ராக் இசை என்றாலே ஆங்கிலம் என்றிருந்த காலத்தில், திருவனந்தபுரத்தில் உருவான ஒரு குழு தாய்மொழியில் பாடத் துணிந்தது. அதற்குப் பலன் கிடைத்தது. விலையும் கொடுக்க வேண்டியிருந்தது.

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் சாலையில், விதுராவைத் தாண்டிச் சற்று தூரம் போனால் கல்லாறு. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன், உருண்டைக் கற்களின் மேல் புரண்டு வரும் ஆறு. பெயருக்கு விளக்கம் கேட்க வேண்டிய அவசியம் தமிழ்ப் பயணிக்கு இல்லை. மலைத்தொடரின் அந்தப் பக்கம் தாமிரபரணி பிறக்கிறது. இந்தப் பக்கம் பெயர்ப்பலகையில் இருப்பது மலையாள எழுத்து என்றாலும், படித்துக் காட்டினால் தமிழ்க் காதுக்குப் புரிந்துவிடும்.

இந்த மாவட்டத்தின் தலைநகரில் 2003ல் உருவான ஒரு ராக் குழுவின் பாட்டுத் தலைப்புகளும் அப்படிப்பட்டவைதான்: 'நட நட', 'ஆடு பாம்பே', 'ஞான் ஆரா', 'எட்டாம் பாட்டு'. குழுவின் பெயரோ இன்னும் எளிது. 'அவியல்'. நாகர்கோவில் பந்தியிலும் கொல்லம் பந்தியிலும் ஒரே பெயரில் பரிமாறப்படும் பதார்த்தம்.

இன்று கேட்டால் இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். கேரளத்தில் மலையாளத்தில் பாடாமல் வேறு எந்த மொழியில் பாடுவார்கள்? ஆனால் 2003ல், கையில் எலெக்ட்ரிக் கிதார் வைத்திருந்த எவரும் அப்படிக் கேட்கவில்லை.

ஆங்கிலமே அனுமதிச் சீட்டு

கேரளத்துக்கு ராக் புதிதல்ல. துறைமுக நகரமான கொச்சியில் உருவான '13 ஏடி' குழு 1990ல் 'கிரவுண்ட் ஜீரோ', 1993ல் 'டஃப் ஆன் த ஸ்ட்ரீட்ஸ்' என்று இரண்டு ஆல்பங்களை வெளியிட்டு, நாடு முழுவதும் ராக் ரசிகர்களிடம் பெயர் வாங்கியது. 1996ல் அதே கொச்சியில் 'மதர்ஜேன்' வந்தது. பைஜு தர்மஜனின் கிதாரில் கர்நாடக இசையின் கமகங்கள் கேட்டன. ஆனால் இரண்டு குழுக்களும் பாடியது ஆங்கிலத்தில்.

அதற்குக் காரணம் இருந்தது. அன்று ராக் ரசிகர் கூட்டம் நாடெங்கும் சிதறிக் கிடந்த சிறு கூட்டம். 1986ல் பம்பாயில் தொடங்கிய 'இண்டிபென்டன்ஸ் ராக்' விழா, 1993ல் அலகாபாத்திலிருந்து அமித் செய்கல் வெளியிடத் தொடங்கிய 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகை, அந்தப் பத்திரிகை 1997ல் ஆரம்பித்த 'கிரேட் இண்டியன் ராக்' விழா, ஐ.ஐ.டி.க்களிலும் கல்லூரிகளிலும் நடக்கும் போட்டிகள். ஒரு குழுவுக்குக் கிடைத்த மேடைகள் ஏறத்தாழ இவ்வளவே. ஷில்லாங்கிலிருந்து வருபவரும் கொச்சியிலிருந்து வருபவரும் இந்த மேடைகளில் சந்திக்கும் பொது மொழி ஆங்கிலம். பல மேடைகளில் சொந்தப் பாட்டுக்கே வரவேற்பு கிடையாது. 'டீப் பர்ப்பிள்', 'பிங்க் ஃப்ளாய்ட்' பாட்டுகளை அச்சு அசலாக வாசித்தால்தான் கைதட்டல்.

இந்த நிலையில் மலையாளத்தில் பாடுவது இரட்டை நஷ்டம். கேரளத்துக்கு வெளியே பாட்டு புரியாது. கேரளத்துக்கு உள்ளேயோ, மலையாளப் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. யேசுதாஸின் குரலில் தோய்ந்த காதுகளிடம் போய் டிரம்ஸும் டிஸ்டார்ஷனும் கலந்து பாடினால் யார் கேட்பார்கள்? கேசட் கடைக்காரர் அதை எந்த அலமாரியில் வைப்பார்?

தாய்மொழியில் துணிந்தவர்கள் முன்பே இருந்தார்கள். கல்கத்தாவில் 1975ல் கௌதம் சட்டோபாத்யாய் தொடங்கிய 'மொஹீனேர் கோராகுலி' வங்காளத்தில் பாடியது. அந்தக் குழு இயங்கிய நாட்களில் அதைக் கொண்டாடியவர்கள் குறைவு. 1990களில், குழு கலைந்து வெகுகாலம் கழித்தே, அடுத்த தலைமுறை அவர்களைத் தேடிப் பிடித்தது. டெல்லியின் 'இண்டியன் ஓஷன்' 2000ல் வெளியான 'கந்தீசா' ஆல்பத்தின் மூலம் இந்திய மொழிகளிலும் இந்த இசை நிற்கும் என்று காட்டியது. தென்னிந்தியாவில் அந்த இடம் பெரும்பாலும் காலியாகவே இருந்தது.

கூட்டுச் சமையல்

அந்த இடத்தில்தான் டோனி ஜானும் ஆனந்த்ராஜ் பெஞ்சமின் பாலும் அடுப்பு மூட்டினார்கள். டோனி, டர்ன்டேபிளும் சிந்தசைஸரும் கையாள்பவர். ஆனந்த்ராஜ் பாடகர். கிதாருக்கு ரெக்ஸ் விஜயன் வந்தார். 'மதர்ஜேன்' குழுவில் வாசித்த அனுபவம் உள்ளவர். டிரம்ஸுக்கு மிதுன் புத்தன்வீட்டில். பேஸ் கிதாருக்கு நரேஷ் காமத்.

இந்தச் சேர்க்கையே அந்தப் பெயருக்குப் பொருத்தம். டி.ஜே. மேடையின் மின்னணு ஓசை, கனமான கிதார், நாட்டுப்பாட்டின் தாளம் எல்லாம் ஒரே சட்டியில். ஆனால் அவியல் என்பது கண்டதையும் போட்டுக் கிண்டுவதல்ல என்பது சமைத்தவர்களுக்குத் தெரியும். சேனை சேனையாகவும் முருங்கை முருங்கையாகவும் தெரிய வேண்டும். தேங்காயும் தயிரும் அவற்றைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இந்தக் குழுவில் அப்படிச் சேர்த்துப் பிடித்தது மொழி.

முதலில் கவனம் ஈர்த்த பாட்டு 'நட நட'. அதற்கு ஒரு வீடியோவும் தயாரானது. பாடிய குரல் ஆனந்த்ராஜுடையது. கல்லூரி விடுதிகளில் எம்.பி.3 கோப்புகள் சி.டி.யிலும் கம்ப்யூட்டரிலுமாகக் கைமாறத் தொடங்கியிருந்த காலம் அது. கடையில் ஆல்பம் இல்லாத ஒரு குழுவின் பாட்டுகூட ஊர் ஊராகப் போக முடிந்தது.

மொழிக்குள் இருந்த தாளம்

'நம் மொழி ராக் இசைக்கு ஒத்து வராது' என்பது அன்று கேட்ட வாதம். தமிழிலும் அதைச் சொன்னவர்கள் உண்டு. அது முழுப் பொய்யும் அல்ல. ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்கள் ஏராளம். டிரம்ஸின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொல்லைப் பொருத்திவிடலாம். திராவிட மொழிகளில் விகுதியும் வேற்றுமை உருபும் ஒட்டி ஒட்டிச் சொற்கள் நீளும். தவிரவும் இங்கே குறில் நெடில் பேதம் பொருளையே மாற்றிவிடும். 'படம்' என்பதை இழுத்துப் பாடினால் 'பாடம்' ஆகிவிடும். மேற்கத்திய மெட்டுக்குத் தாய்மொழிச் சொற்களைத் திணித்தால் பாட்டு நொண்டுவது இதனால்தான்.

'அவியல்' மெட்டை மொழியின் பக்கம் இழுத்தது. 'நட நட' என்ற இரண்டு சொற்களைப் பாருங்கள். இரண்டும் குறில் இணைந்த அசைகள். சொல்லும்போதே காலடி கேட்கிறது. இதைத் தாங்கும் தாளத்தை லண்டனில் தேட வேண்டாம். வயல் வேலைப் பாட்டிலும் தெருவில் கொட்டும் செண்டையிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. குறுகிய சொல், திரும்பத் திரும்ப வரும் அடி, அழைப்பும் பதிலுமாகப் போகும் அமைப்பு ஆகியவை நாட்டுப்பாட்டின் இலக்கணம். ராக் இசையின் இலக்கணமும் ஏறத்தாழ அதுதான்.

'ஆடு பாம்பே' இன்னும் ஆழமாகப் போகிறது. அது ஸ்ரீ நாராயண குருவின் 'குண்டலினிப் பாட்டு'. திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் பிறந்தவர் குரு. 1888ல் நெய்யாற்றின் கரையில் அருவிப்புறத்தில் சிவலிங்கத்தைத் தம் கையால் பிரதிஷ்டை செய்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயில் கதவைத் திறந்தவர். கன்னியாகுமரியை அடுத்த மருத்துவாமலையில் தவம் இருந்தவர். தமிழ் நன்கு கற்று, தமிழில் பதிகம் பாடி, திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்துக்குக் கொண்டு சென்றவர். உடலுக்குள் உறங்கும் சக்தியைப் பாம்பாக்கி அதை ஆடச் சொல்லும் அவர் பாட்டைக் கேட்கும் தமிழருக்குப் பாம்பாட்டிச் சித்தர் நினைவுக்கு வருவார்.

ஆக, மலையைக் கடந்து போய் வந்த ஒரு சித்தர் மரபு, நூறாண்டு கழித்து எலெக்ட்ரிக் கிதாரில் ஏறியது. பஜனை மடத்தில் முதியவர்கள் பாடிய வரிகளைக் கல்லூரி மைதானத்தில் இளைஞர்கள் குதித்துக்கொண்டே பாடினார்கள். ஆங்கிலத்தில் பாடிய குழுக்களுக்குத் திறமை எவ்வளவு இருந்தாலும் எட்டாத இடம் இது.

ஐந்து ஆண்டு, எட்டுப் பாட்டு

ஆனால் பாட்டு பரவுவது வேறு, குழு பிழைப்பது வேறு. ஆல்பம் வருவதற்கு முன்பே ஆனந்த்ராஜ் விலகினார். முகமும் குரலுமாக இருந்தவர் போய்விட்டால் பல குழுக்கள் அத்தோடு முடிந்துவிடும். இங்கே டர்ன்டேபிள் பின்னாலிருந்த டோனி ஜான் மைக் முன்னால் வந்தார். நரேஷ் காமத்துக்கோ மும்பையில் இன்னொரு பொறுப்பு. அண்ணன் தம்பியான பரேஷும் நரேஷும்தான் கைலாஷ் கேரின் 'கைலாசா' குழுவின் தூண்கள். அந்தக் குழுவின் முதல் ஆல்பம் 2006ல் வெளிவந்து பெரும் வெற்றி கண்டது.

கடைசியில் 'அவியல்' என்ற பெயரிலேயே அவர்களது முதல் ஆல்பம் 2008ல் வெளியானது. வெளியிட்டது கேரளக் கம்பெனி அல்ல, மும்பையின் 'ஃபேட் ஃபிஷ் ரெக்கார்ட்ஸ்'. பஞ்சாபியில் சூஃபிக் கவிஞர் புல்லே ஷாவின் பாடலை ராக் இசையில் பாடிப் புகழ் பெற்ற ரப்பி ஷேர்கிலின் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்ததும் இதே நிறுவனம்தான். தாய்மொழி ராக் இசைக்குச் சந்தை உண்டு என்று அது கணக்குப் போட்டிருந்தது. மலையாளப் பாட்டுக்கு மும்பையில் இடம் கிடைத்தது, கணக்கு முற்றிலும் தப்பவில்லை என்பதற்கு அடையாளம்.

ஐந்து ஆண்டில் எட்டே பாட்டு. ஆனாலும் அவை வேலை செய்தன. மலையாளம் அறியாத நகரங்களிலும் குழுவுக்கு மேடை கிடைத்தது. சொல் புரியாதவர்களுக்கும், சொந்த மொழியில் ஒருவன் பாடும்போது வரும் உறுதி புரிந்தது. மொழி தடையாகும் என்று பயந்த இடத்தில் மொழியே விலாசம் ஆனது. அதே 2008ல் 'மதர்ஜேன்' தன் 'மக்தூப்' ஆல்பத்தை வெளியிட்டது. ஆங்கிலத்திலும் மலையாளத்திலுமாக இரண்டு வழிகள் ஒரே ஆண்டில் கேரளத்திலிருந்து கிளம்பின.

சினிமா கூப்பிட்டபோது

இத்தகைய குழுக்களை ஆங்கிலத்தில் 'இண்டி' என்கிறார்கள். பெரிய கம்பெனிகளைச் சாராத சுதந்திர இசை என்று பொருள். தென்னிந்தியாவில் அதற்கு முதல் அர்த்தம், சினிமாவைச் சாராதது. சார்ந்துவிடாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் உண்டு. 1992ல் 'ரோஜா' வருவதற்கு முன் ஏ.ஆர். ரஹ்மான், சிவமணி, கேரளத்துக் கிதார் கலைஞர் ஜான் ஆன்டனி ஆகியோர் 'ரூட்ஸ்' என்ற குழுவில் ஒன்றாக வாசித்தவர்கள். அந்தக் குழுவை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

'அவியல்' விஷயத்தில் ஒரு வித்தியாசம். சினிமாவே தேடி வந்தது, அதுவும் அவர்களது ஓசைக்காகவே. ஆஷிக் அபு இயக்கி 2011ல் வெளியான 'சால்ட் அன்ட் பெப்பர்' படத்துக்கு இசை பிஜிபால். ஆனால் அதில் 'ஆனக்கள்ளன்' என்ற பாட்டு 'அவியல்' குழுவினுடையது. சினிமாவுக்காக அவர்கள் ஓசையை மாற்றிக்கொள்ளவில்லை. மலையாள சினிமா புதிய தலைமுறையின் கைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தத் தலைமுறைக்கு இந்த ஓசை பிடித்திருந்தது.

அதே ஆண்டு ரெக்ஸ் விஜயன் 'சாப்பா குரிசு' படத்துக்கு இசையமைத்தார். பிறகு 'நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி', 'மாயாநதி', 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' என்று முன்னணி இசையமைப்பாளர்களில் ஒருவரானார். மலையாளத் திரையிசையின் நிறம் மாறியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் குழுவின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு. இன்றும் 'அவியல்' என்றால் ரசிகர்கள் சொல்வது அந்த 2008ஆம் ஆண்டின் எட்டுப் பாட்டுகளைத்தான். வென்றது ஓசை. அதை உருவாக்கிய குழுவுக்கு நேரம் குறைந்துபோனது.

பின்னால் வந்தவர்கள்

அதன் பிறகு கேரளத்தில் எவரும் 'மலையாளத்தில் ராக் வருமா' என்று கேட்கவில்லை. 2013ல் மாத்ருபூமி குழுமம் தொடங்கிய 'கப்பா டி.வி.' தன் இசை நிகழ்ச்சியில் இளம் குழுக்களுக்கு மேடை கொடுத்தது. அதே ஆண்டு 'தைக்கூடம் பிரிட்ஜ்' புறப்பட்டது. அடுத்து 'மசாலா காஃபி'. இவர்களுக்குக் கிடைத்த கூட்டம் 'அவியல்' தொடங்கியபோது கனவில்கூட இல்லாதது.

தமிழில்? சென்னையில் 2005ல் உருவான 'ஜங்க்யார்ட் க்ரூவ்' போன்ற நல்ல ராக் குழுக்கள் ஆங்கிலத்தில் பாடின. 2010களில் கபேர் வாசுகியும் டென்மாவும் 'குரங்கன்' என்ற பெயரில் தமிழில் முயன்றார்கள். 2018 ஜனவரியில் பா. இரஞ்சித்தின் முயற்சியில், டென்மாவின் இசைத் தலைமையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறியது. கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் சேர்ந்த அந்த இசையில், மொழி மீண்டும் முதல் வாத்தியமானது. சாதியைப் பற்றிய கோபத்தை ஆங்கிலத்தில் பாடியிருந்தால் அது போய்ச் சேர வேண்டிய தெருவுக்குப் போயிருக்காது.

இண்டி குழுவுக்கு முதலில் வேண்டியது ஆம்ப்ளிஃபயரும் ஸ்டுடியோவும் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. திருவனந்தபுரத்தின் ஐந்து பேர் அதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை கண்டார்கள்: பாட்டை யாரிடம் சொல்லப் போகிறோம்? அந்த விடை கிடைத்த பிறகு எட்டுப் பாட்டே போதுமானதாக இருந்தது.