தையல்சிட்டும் பால்சுறாவும்

கொங்கு நாட்டிற்குக் கடற்கரை இல்லை. ஆயினும், கோவை உக்கடம் மீன் சந்தைக்குக் கடல்மீன்கள் நாள்தோறும் வந்து சேர்கின்றன. கடல்மீன்களுள் பிள்ளை பெற்ற தாய்க்கெனத் தேடி வாங்கப்படுவது பால்சுறா. அதனை உண்டால் தாய்ப்பால் பெருகும் என்பது தமிழரின் நெடுநாள் நம்பிக்கை. அதே நகரின் வீட்டுத் தோட்டங்களில் தையல்சிட்டு கூடு கட்டி வாழ்கிறது. கடலிலும் தோட்டத்திலும் வாழும் இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்கினால், ஓர் உயிரினம் இழப்பிலிருந்து மீளும் வகை விளங்கும்.

தையல்சிட்டின் எடை 10 கிராமைத் தாண்டுவது அரிது. அது தன் கூரிய அலகால் இலையின் ஓரங்களில் துளையிட்டு, நார், சிலந்தி இழை, பருத்திப் பஞ்சு ஆகியவற்றால் தைத்துக் கூடு அமைக்கிறது. பெரும்பாலும் மூன்று முட்டைகள் இடும். ஏறத்தாழ 12 நாள்களில் குஞ்சுகள் பொரிந்து, அடுத்த இரு வாரங்களில் கூட்டை விட்டுப் பறக்கின்றன. பாம்போ பூனையோ கூட்டை அழித்தாலும், அப்பருவத்திலேயே மீண்டும் கூடு கட்ட இயலும்.

பால்சுறா ஏறத்தாழ ஒரு மீட்டர் வளர்வது. அது முட்டையிடுவதில்லை, பாலூட்டிகளைப் போலவே நஞ்சுக்கொடி வழியாகக் கருவை ஊட்டி வளர்க்கிறது. கரு முதிர ஓராண்டளவு ஆகும். ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிகளே பிறக்கும். ஏறத்தாழ ஓரடி நீளத்துடன் பிறக்கும் குட்டி, தாயின் துணையின்றித் தானே இரை தேடும். பகைவர் மிகுந்த கடலில் இப்பருவுடலே அதற்குக் காப்பு.

ஆனால், வலைக்கு முன் அக்காப்பு பயன்படுவதில்லை. கரையை ஒட்டிய ஆழம் குறைந்த நீரில் வாழ்வதால், இழுவலைகளில் அது எளிதில் சிக்குகிறது. சூல்கொண்ட தாய் பிடிபட்டால், ஓராண்டின் ஈற்று முழுவதும் அதனுடன் அழிகிறது. சிட்டு ஒரு மாதத்திற்குள் ஈடுசெய்யும் இழப்பைச் சுறா ஈடுசெய்ய ஆண்டுகள் ஆகின்றன. எனவேதான் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில், தையல்சிட்டு அச்சுறுத்தல் குறைந்த இனமாகவும் பால்சுறா அழிய வாய்ப்புள்ள இனமாகவும் இடம்பெற்றுள்ளன.

வலிமை உடலின் பருமனில் இல்லை. பெருகும் விரைவிலும் உள்ளது. தாயைப் பேணுவதற்கென வாங்கப்படும் மீனும் ஒரு தாயாக இருக்கலாம். இதனை உணர்ந்து அளவறிந்து பிடிப்பதும் உண்பதும், கடலிலிருந்து தொலைவில் வாழ்வோர்க்கும் உரிய கடமையாகும்.