கம்பம் பள்ளத்தாக்கு: மழை மறைவில் ஒரு பச்சை நிலம்

ஜூன், ஜூலையில் கம்பத்திலிருந்து குமுளிக்கு பஸ் ஏறினவங்களுக்கு இது தெரியும். கீழே நல்ல வெயில். லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதையில் ஏற ஏற மேகம் இறங்கி வரும். குமுளியில் இறங்கும்போது குடை இல்லாம முடியாது. இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனா காலநிலை தலைகீழ். ஏன் இப்படி?

தேனி மாவட்டப் படத்தை எடுத்துப் பாருங்க. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். நடுவில் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீளுது கம்பம் பள்ளத்தாக்கு. குமுளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், கம்பம் சுமார் 400 மீட்டர். அரபிக்கடலில் இருந்து வரும் தென்மேற்குக் காற்று ஏலமலையில் ஏறும்போது குளிர்ந்து, மழையை அந்தப் பக்கமே கொட்டிடுது. இந்தப் பக்கம் இறங்கும்போது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் கிட்டத்தட்ட 1 டிகிரி சூடாகிறது. சூடான காற்றில் மேகம் கரைஞ்சு போகும். நமக்கு மிஞ்சுவது சாரலும் பலமான காற்றும்தான். அந்தக் காற்றை நம்பித்தான் தேனி, ஆண்டிபட்டி பக்கம் காற்றாலைகள் நிக்குது.

இதைத்தான் மழை மறைவுப் பகுதின்னு சொல்றாங்க. தேக்கடிக் காடுகளில் வருஷத்துக்கு 2000 மி.மீ. அளவுக்குப் பெய்யும். பள்ளத்தாக்கின் தரையில் அதில் பாதிகூட இருக்காது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாக வருவது. பள்ளத்தாக்கின் வாய் வடகிழக்கே திறந்திருப்பதால் அந்தக் காற்று உள்ளே வர முடியுது.

அப்படின்னா இவ்வளவு நெல்லும் தென்னையும் வாழையும் எப்படி?

பதில் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு. மேற்கே ஓடி அரபிக்கடலில் சேர்ந்த பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினாங்க. 1886இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். 1887இல் வேலை தொடங்கி, பென்னிகுயிக் தலைமையில் 1895இல் முடிந்தது. நீர்த்தேக்கம் பள்ளத்தாக்கைவிட உயரத்தில் இருப்பதால் பம்பு எதுவும் தேவையில்லை. சுரங்கம் வழியாக வரும் தண்ணீர் தானாகவே இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரமும் தந்துவிட்டு, வயலுக்குப் போகுது. ஆனா அணையின் நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனா இந்தப் பக்கம் தண்ணீர் வராது. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த எண்களை இங்கே விவசாயிகள் தினமும் பேப்பரில் பார்ப்பது இதனால்தான்.

இதில் கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல். முதல் போகத்துக்கு வழக்கமா ஜூன் 1ஆம் தேதி தண்ணீர் திறப்பாங்க. நமக்கு வானம் வறண்டிருக்கும் அந்த மாதங்களில்தான் மேற்கே அணை நிரம்பும். இரண்டாம் போகத்துக்கு அணைத் தண்ணீரோடு வடகிழக்கு மழையும் கைகொடுக்கும். ஆக, மலை மறைக்கும் தென்மேற்குப் பருவமழையை சுரங்கம் வழியாக வாங்கிக்கொள்கிற ஊர் இது. மேகமில்லாத வறண்ட நாட்கள் அதிகம் என்பது திராட்சைக்கும் சௌகரியம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கு வறண்ட வானமும் வேணும், பாசனத் தண்ணீரும் வேணும். ரெண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம்.

இனி அடுத்த மலைக்கு அந்தப் பக்கம் பாருங்க. வருசநாட்டு மலையில் பிறந்து கடமலைக்குண்டு வழியாக வருவது மூல வைகை. சுரங்கம் இல்லை, அண்டை மாநிலத்துத் தண்ணீரும் இல்லை. முழுக்க நம்ம மலையின் மழை. அதனாலேயே மழை பெய்தா வெள்ளம், மற்ற மாதங்களில் பெரும்பாலும் மணல். தேனிக்குப் பக்கத்தில் முல்லையாறும் மூல வைகையும் சேர்ந்து, 1959இல் கட்டிய வைகை அணைக்குப் போகுது. மதுரை குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். அதில் வைகையின் சொந்தப் பங்கு எவ்வளவுன்னு கேட்கிறவங்க குறைவு.

மலைக்காடு ஒரு பஞ்சு மாதிரி. சோலையும் புல்வெளியும் மழையை உறிஞ்சி வைத்து, மாதக்கணக்கில் கசிய விடும். காடு குறைஞ்சா அதே மழை ரெண்டு நாளில் ஓடிப்போகும். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டதை இந்தக் கண்ணோடும் பார்க்கணும். புலிக்கான காடுதான் வைகைக்கும் ஊற்று. அதே மலையில் இலவமும் முந்திரியும் வச்சுப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கு. அவங்களுக்கு வழி செய்யாமல் வெறும் எல்லைக்கோடு போட்டா காடும் தேறாது, ஆறும் தேறாது.

பெரியாறு அணையைப் பற்றி நூறு வருஷத்துக்கு மேலாகப் பேசிட்டு இருக்கோம், பேசவும் வேணும். ஆனா அந்தத் தண்ணீர் ஒப்பந்தத்தாலும் தீர்ப்பாலும் வருவது. மூல வைகையில் எவ்வளவு நாள் தண்ணீர் ஓடும் என்பது வானத்துக்கு அடுத்தபடியாக நம்ம கையில்தான் இருக்கு.