சுவரேறும் அத்திக் கொடி: கவாத்து செய்தால் அழகு, விட்டுவிட்டால் செலவு

தாமான் வீட்டு மதிலிலும், மேம்பாலத் தூணிலும், மேட்டு மண்ணைத் தாங்கும் சிமெண்டுச் சுவரிலும் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் ஒரு சிற்றிலைக் கொடி ஒட்டிக்கிடப்பதைப் பலரும் பார்த்திருப்போம். அது வெறும் அலங்காரக் கொடி அல்ல. அத்தி இனத்தைச் சேர்ந்தது. ஆலுக்கும் அரசுக்கும் நெருங்கிய சொந்தம்.

இதன் அறிவியல் பெயர் ஃபைக்கஸ் பூமிலா. சீனா, ஜப்பான், வியட்நாம் பகுதிகளே இதன் தாயகம். தீபகற்ப மலேசியக் காடுகளிலும் மரங்களில் ஏறும் அத்திக் கொடிகள் இயற்கையாகவே உண்டு. அவற்றின் பழங்கள் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் உணவாகின்றன.

அத்தி இனம் என்றதும் சிலருக்குப் பயம் வரலாம். கோயில் கோபுரத்திலும் பழைய கட்டடங்களிலும் பறவை எச்சத்தில் விழுந்த விதையிலிருந்து அரசங்கன்று முளைத்து, வேரால் சுவரைப் பிளப்பதை நாம் கண்டிருக்கிறோம். அத்திக் கொடி அப்படி உச்சியில் முளைத்து வேரைக் கீழே இறக்குவதில்லை. தரையில் வேரூன்றி, தண்டிலிருந்து கிளம்பும் சிறு வேர்களால் சுவரைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது.

அந்தப் பிடியின் இரகசியத்தை ஆராய்ந்தவர் சார்ல்ஸ் டார்வின். சிறு வேர்கள் முதலில் பிசுபிசுப்பான நீரைக் கசியவிட்டு, பிறகு அதன் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு பசையை மட்டும் சுவரில் விடுகின்றன என்று கொடிகளைப் பற்றிய தமது நூலில் அவர் எழுதினார். அந்தப் பசையின் தன்மையை அவர் ஒப்பிட்டது ரப்பருடன்! தண்டை ஒடித்தாலும் ரப்பர் மரம்போல் வெள்ளைப் பால் வடியும்.

ஒரே கொடி, இரண்டு பருவம்

இந்தக் கொடியை வளர்ப்போர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இளம் பருவத்தில் இலைகள் 2, 3 செண்டிமீட்டர் நீளமே இருக்கும். கொடி சுவரோடு படிந்திருக்கும். உயரம் ஏறி முதிர்ந்ததும் தடித்த கிளைகள் சுவரைவிட்டு வெளியே நீளும். இலைகள் பெரிதாகித் தோல்போல் கெட்டியாகும், காயும் காய்க்கும். பாரம் கூடுவது இந்தப் பருவத்தில்தான்.

'அத்தி பூத்தாற்போல' என்று அரிய நிகழ்ச்சியைச் சொல்கிறோம். அத்தி பூக்காமல் இல்லை. பூக்கள் காய்க்குள்ளேயே மறைந்திருக்கின்றன. இந்தக் கொடியில் மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பது அதற்கென்றே உள்ள ஒரு சிறு குளவி. அக்குளவி இல்லாத இடத்தில் காய் இருந்தாலும் முளைக்கும் விதை கிடைக்காது. ஆகவே தோட்டங்களில் இதைத் தண்டு நட்டே பெருக்குகிறார்கள். இதே இனத்தின் தைவான் வகையில் கிடைக்கும் விதைகளைத் தண்ணீரில் பிசைந்து செய்வதுதான் 'ஆயு' ஜெல்லி.

நடுவது எப்படி?

சிற்றிலை உள்ள இளந்தண்டை 15 செண்டிமீட்டர் அளவில் வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈரமண்ணில் நிழலில் நடலாம். சில வாரங்களில் வேர் பிடிக்கும். முதிர்ந்த கிளையிலிருந்து எடுத்த தண்டு பெரும்பாலும் புதராகவே வளரும், சுவர் ஏறாது. தொடக்கத்தில் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். வேர் நன்றாக ஊன்றியபின் வேகமெடுக்கும்.

விரிசல் இல்லாத சிமெண்டுச் சுவரே இதற்கு ஏற்றது. சாயம் பூசிய சுவர், பலகைச் சுவர், பூச்சு உதிரும் பழைய சுவர் ஆகியவற்றில் ஏறவிடக் கூடாது. இணைவீடுகளில் மதில் பொதுவாக இருந்தால் அண்டை வீட்டாரிடம் முதலில் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கவாத்து செய்து, வெளியே நீளும் கிளைகளை அகற்றினால் கொடி இளமையாகவே இருக்கும். பால் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை அணிந்துகொள்ளுங்கள். கூரை ஓட்டுக்கும் மழைநீர்க் குழாய்க்கும் கீழேயே வெட்டி நிறுத்த வேண்டும். குழாயில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால், டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நாமே இடம் கொடுத்தவர்களாவோம்.

கொடி வேண்டாம் என்று முடிவெடுத்தால் பச்சையாகப் பிடித்து இழுக்காதீர்கள். சாயமும் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரும். அடித்தண்டை அறுத்துவிட்டு, கொடி நன்றாகக் காய்ந்த பின் மெல்ல எடுத்து, எஞ்சிய வேர்த்தடத்தைத் தூரிகையால் தேய்க்கலாம்.

வெயில் படும் சுவருக்கு நிழல் தரும் நல்ல கொடி இது. ஆனால் கத்தரிக்கோலைத் தவறாமல் எடுக்க நேரம் இருப்பவர்கள் மட்டுமே இதைச் சுவரில் ஏற்றட்டும். மற்றவர்கள் தொட்டியில் வைத்துத் தொங்கவிட்டாலும் இதே பச்சை கிடைக்கும், சுவரும் தப்பும்.